இரண்டாவது பாய்

மீனச்சிலாற்றுக்குக் கிழக்கே, நெல்லிப்பாறை முதல் மலையுச்சி வரைக்கும், கலப்படமில்லாத நாத்திகர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் லூக்கா. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவரும் லூக்காதான். வாசுவின் சாயாக்கடையில் பல வருஷங்களாக அவர் இதைச் சொல்லி வந்தும் யாரும் மறுக்காததால், உண்மை என்றே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"யூனியன் செயலாளர் கோபியை எடுத்துக்கோ," என்பார் லூக்கா, பழம்பொரியின் எண்ணெயைப் பத்திரிகையில் ஒற்றியபடி. "மேடையில ஏறினா கடவுளே இல்லைம்பான். கார்த்திகை பொறந்தா கறுப்பு வேட்டி கட்டிட்டு மலைக்குக் கெளம்பிடுவான். ஜார்ஜுகுட்டி வாத்தியார் பகுத்தறிவு சங்கத் தலைவர். மகள் பரீட்சைக்குப் போறப்போ பர்சுக்குள்ள அந்தோணியார் படம் வச்சு அனுப்புறார். என் பஸ்ல டிக்கெட் எடுக்கும்போது நானே பாத்தேன். நான் ஒருத்தன்தான். முப்பத்து மூணு வருஷம். ஒரு நாள், ஒரு வேளை வழுக்கினது கிடையாது."

"முப்பத்து மூணுலதான் ஒருத்தரை சிலுவையில ஏத்துனாங்க. கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க சேட்டா," என்றான் வாசு, சாயாவை ஆற்றிக்கொண்டே.

லூக்கா சிரிக்கவில்லை. கொள்கை விஷயத்தில் அவர் சிரிப்பதில்லை. ஆனால் நியாயஸ்தர். அதனால் ஒரே ஒரு சலுகை வைத்திருந்தார்; அதையும் கடையிலேயே அறிவித்திருந்தார்.

"என் ஏலிக்குட்டி செத்தா மட்டும், அவ தலைமாட்டுல உக்காந்து ஒரே ஒரு தடவை அந்த ஜெபத்தைச் சொல்லுவேன். அது அவளுக்குக் குடுக்கிற மரியாதை. அதுக்கு முன்னாடி என் வாயிலேர்ந்து ஒரு வரி வந்துச்சுன்னா, ஏலிக்குட்டி போயிட்டான்னு நீங்க எல்லாரும் பெஞ்சைத் தூக்கிட்டு வந்துடலாம்."

கடையில் இருந்தவர்கள் இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு நடந்ததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

லூக்கா அரசுப் பேருந்தில் இருபத்தொன்பது வருஷம் கண்டக்டர். பாலாவில் வண்டி ஏறி, வாகமண்ணில் இறங்கி, திரும்பவும் பாலா. மலைப்பாதையில் அவர் "உள்ள போ, உள்ள போ" என்றால், இரண்டு வளைவுக்கு அந்தப் பக்கம் மேயும் ஆடுகள்கூட ஓரமாக ஒதுங்கும் என்று சொல்வார்கள். ஓய்வு பெற்றபோது டிக்கெட் இயந்திரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். குரலை வாங்க மறந்துவிட்டார்கள்.

அவருடைய நாத்திகம் தினமும் மாலை ஏழு மணிக்கு நடந்தது. நெல்லிப்பாறையில் எல்லா வீட்டிலும் ஏழு மணி என்றால் சந்தியா ஜெபம். பக்கத்து வீட்டுப் பெண்ணம்மாவின் குரல் கொஞ்சம் மூக்கால் வரும். அதற்குக் கீழே, கோயிலில் மணியடிக்கும் கப்யார் பைலியின் வீட்டில் பேரப்பிள்ளைகள் ஒரு வரி முந்திக்கொண்டு ஓடுவார்கள். லூக்காவின் வீட்டில் ஏலிக்குட்டி. திரு இருதயப் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, இரண்டு தாழம்பாய்களை விரித்து, அவற்றில் ஒன்றில் உட்காருவாள். லூக்கா சரியாக ஆறு ஐம்பத்தைந்துக்கு வராந்தாவுக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, பத்திரிகையில் மரண அறிவிப்புப் பக்கத்தை விரித்துக்கொண்டு, ஜெபத்தில் கலந்துகொள்ளாமல் இருப்பார். ஒரு நாளும் தாமதமாகக் கலந்துகொள்ளாமல் இருந்ததில்லை.

கேட்டுக் கேட்டு ஜெபமாலை முழுதும் மனப்பாடம், எந்தக் கிழமைக்கு எந்த ரகசியம் என்பது உட்பட. அது மட்டுமில்லை, கொள்கை எதிரியின் தவறுகளைக் கண்டும் காணாமல் விட அவரால் முடியாது.

"ஏடி, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. நீ சந்தோஷ ரகசியம் சொல்லிட்டிருக்க. இன்னிக்கு துக்கம்."

"ஆமா, மறந்துட்டேன்," என்று உள்ளே குரல் வரும். பிறகு துக்க ரகசியம் முதலிலிருந்து தொடங்கும்.

"தினமும் ஒரே மனுவை அம்பத்து மூணு தடவை குடுத்தா எந்த ஆபீசுலயும் தூக்கி வெளிய எறிவான். உன் ஆளு பரவாயில்ல, பொறுமைசாலி," என்பார்.

"நீங்க வெளிய உக்காந்திருக்கிறதையே பொறுத்துக்கிறாரே."

அதற்கு மேல் சண்டை வந்ததில்லை. ஜெபம் முடிந்ததும் ஏலிக்குட்டி வராந்தாவுக்கு வந்து, அந்த ஊர் வழக்கப்படி, வீட்டில் மூத்தவருக்குக் கைகூப்பி இயேசு கிறிஸ்துவின் பெயரால் துதி சொல்வாள். "ஈசோ மிசிகாவுக்குத் துதி உண்டாகட்டும்." அதற்கு "இப்போதும் எப்போதும்" என்று பதில் சொல்ல வேண்டும். லூக்கா, "ம். கப்பைக்கிழங்கு வெந்துடுச்சா?" என்பார். முப்பத்து மூன்று வருஷமாக அதுதான் பதில். முப்பத்து மூன்று வருஷமாக அவளும் துதி சொல்வதை நிறுத்தவில்லை.

அந்த இரண்டாவது பாயைப் பற்றியும் அவர் பேசாமல் இல்லை. "யாருக்கு அது? பரிசுத்த ஆவிக்கா?" என்று மகள் லிஸ்ஸியின் கணவர் வீட்டார் முன்னாலேயே ஒருமுறை கேட்டார். ஏலிக்குட்டி, "இடம் இருந்தா வர்றவங்களுக்கு வசதிதானே," என்று சொல்லிவிட்டு மீன் குழம்பைப் பரிமாறப் போய்விட்டாள். அவளுடைய பாய் ஒன்பது முறை கிழிந்து மாறியிருந்தது. மற்றது ஒரு முறைகூட மாறவில்லை.

லூக்கா நாத்திகரானது எப்படி என்பதற்குச் சாயாக்கடையில் ஒரு விளக்கம் உண்டு. கோட்டயத்தில் யூனியன் வகுப்புக்குப் போனபோது ஒரு சிறு புத்தகம் வாசித்தாராம். ஒரே மத்தியானத்தில் கண் திறந்துவிட்டதாம். புத்தகத்தின் பெயரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சிரமப்பட்டிருப்பார்.

ஏனென்றால் கல்யாணமாகி முதல் ஆறு வருஷம் இரண்டு பாயிலும் ஆள் இருந்தது. பிறகு ஒரு ஆடி மழையில், மூன்று வயது சஜிமோனுக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் அவனைக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தார்கள். அன்று மாலை ஏழு மணிக்கு ஏலிக்குட்டி மெழுகுவர்த்தி ஏற்றினாள். இரண்டு பாயையும் விரித்தாள். லூக்கா வாசலில் நின்று, "இன்னும் என்னடி பேச்சு அவரோட?" என்று கேட்டார். அவள் ஜெபத்தைத் தொடங்கினாள். குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே சொல்லி முடித்தாள். லூக்கா நாற்காலியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அவ்வளவுதான் கொள்கையின் வரலாறு.

ஜெபத்தின் கடைசியில் ஏலிக்குட்டி பெயர்களைச் சொல்வாள். உயிரோடு இருப்பவர்கள், போனவர்கள், விசாவுக்குக் காத்திருப்பவர்கள், முழங்கால் வலிக்காரர்கள் எல்லாருக்கும் அதில் இடம் உண்டு. பட்டியல் வருஷத்துக்கு வருஷம் நீண்டது. கடைசிக்கு முந்திய வரி எப்போதும், "லூக்காவுக்கு நல்ல புத்தி." கடைசி வரி எப்போதும், "எங்க சஜிமோன்." முந்திய வரிக்கு வராந்தாவிலிருந்து ஓர் இருமல் வரும். கடைசி வரிக்கு எதுவும் வராது. முப்பத்து மூன்று வருஷத்தில் அந்தப் பெயரை லூக்கா ஒரு முறைகூட வாயால் சொன்னதில்லை. அந்த வீட்டில் அந்தப் பெயர் தினம் ஒரு முறை கேட்டது, அவள் குரலில் மட்டும்.

அந்தக் குரல்தான் இப்போது போய்விட்டது.

நோன்புக் காலம் தொடங்கும்போதே கரகரத்தது. நோன்பு முடிவதற்குள் பாதி வார்த்தைகள் காற்றாகப் போயின. கோட்டயத்தில் டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "குரல் நாண்ல ஒரு சின்ன முடிச்சு. எடுத்துடலாம், பயமில்ல. அம்மா டீச்சரா? பாட்டுப் பாடுவாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். அம்பது வருஷமா மேல ஒருத்தரைக் கூப்பிட்டுட்டே இருக்கா. அவர் இன்னும் போனை எடுக்கல," என்றார் லூக்கா.

டாக்டர் சிரித்தார். ஏலிக்குட்டியும் சத்தமில்லாமல் சிரித்தாள். அறுவை முடிந்ததும் டாக்டர் சிரிப்பை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "பதினாலு நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னும் கூடாது, அது இன்னும் கெடுதல். மீறினா குரலே திரும்ப வராது."

ஆஸ்பத்திரியில் இரண்டு மாலையும் கவலையில்லாமல் போயின. பக்கத்துக் கட்டிலில் இருந்த சங்ஙனாச்சேரிக்காரி ஜெபம் சொன்னாள். ஏலிக்குட்டி தலையை ஆட்டினாள். லூக்கா வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கலந்துகொள்ளாமல் இருந்தார். இடம் மாறினாலும் கொள்கை மாறவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்று ஆறரைக்கு மகள் லிஸ்ஸி அயர்லாந்திலிருந்து வீடியோவில் வந்தாள். அங்கே அவள் நர்ஸ்.

"மம்மி, பேசாத, பேசாத, தலையை மட்டும் ஆட்டு. அப்பச்சா, மம்மி கையில பேப்பரும் பேனாவும் குடுத்தீங்களா?"

"கோயில் காலண்டர் கிழிச்ச தாளு நிறைய இருக்கு. அதோட பின்பக்கம்தான் இப்போ உங்கம்மா வாய்."

"ஜெபத்துக்கு என்ன பண்ணுவீங்க? பெண்ணம்மாச்சேச்சியைக் கூப்பிடலாமே?"

"ஏழு மணிக்கு அவ வீட்டு ஜெபத்தை யாரு சொல்லுவா? சாக்கோவா? அவன் பாதியில தூங்கிடுவான்."

"அப்போ யூடியூப் போடுங்க. நல்லா சொல்ற அச்சன்மார் இருக்காங்க."

நல்ல யோசனை. ஏழு மணிக்கு முன்னாலேயே சோதித்துப் பார்த்துவிடலாம் என்று லூக்காவே போனை மெழுகுவர்த்தித் தாங்கியில் சாய்த்து வைத்துக் கொடுத்தார். எந்திரத்துக்கு உதவுவது விஞ்ஞானத்துக்கு உதவுவது. பிறகு வராந்தாவுக்குப் போனார். உள்ளேயிருந்து தேன் ஊற்றியது போல ஒரு பாதிரியார் குரல் வந்தது. இரண்டாம் ரகசியத்தில், "முதுகுவலியால் அவதியா? ஒரே இரவில் வித்தியாசத்தை உணருங்கள்!" என்று ஒரு பெண் கூவினாள். கயிற்றுநார் மெத்தை.

வராந்தா விழுந்து விழுந்து சிரித்தது. "கேட்டியாடி? சபையே போய்ப் படுக்கச் சொல்லிடுச்சு!"

போன் அணைந்தது. ஏலிக்குட்டி ஒரு காலண்டர் தாளோடு வெளியே வந்து அவரிடம் நீட்டினாள். பின்பக்கத்தில் எழுதியிருந்தது: 'வீட்டு ஆள் சொல்லணும்.'

"வீட்டு ஆள் வராந்தாவுல இருக்கான். அவன் எல்லை இதோட சரி," என்றார் லூக்கா. "நீ மனசுக்குள்ள சொல்லிக்கோயேன். சர்வ வல்லமை உள்ளவர்ங்கிற. மனசுல சொன்னா கேக்காதா?"

அவள் தாளை வாங்கி எழுதினாள். 'அவருக்குக் கேக்கும்.'

"அப்புறம் என்ன?"

பேனா மறுபடி எழுதியது. 'பதினாலு நாள். சஜி பேரை யார் சொல்வாங்க?'

லூக்கா வாசித்தார். தாளைத் திருப்பி, முன்பக்கத்தில் எந்தப் புனிதரின் நாள் என்று பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பத்திரிகையை விரித்தார்.

"நமக்கு ரெண்டு பேருக்கும் அறுவதாயிடுச்சு. இன்னும் என்ன பேரு," என்று மரண அறிவிப்புகளைப் பார்த்துச் சொன்னார்.

அவள் உள்ளே போனாள். கெஞ்சவில்லை, முகத்தைத் தூக்கிக்கொள்ளவும் இல்லை. முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு முறைகூட அவரை உள்ளே வா என்று அவள் கூப்பிட்டதில்லை என்பது லூக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தீப்பெட்டி உரசும் சத்தம் திரும்பவும் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

ஏழு மணி. பெண்ணம்மா மூக்கால் தொடங்கினாள். பைலியின் பேரப்பிள்ளைகள் ஓட ஆரம்பித்தார்கள். லூக்காவின் முதுகுக்குப் பின்னால் மட்டும் ஒரு வீடு நிறைய மௌனம். ஏழு ஐந்து. பத்திரிகையில் ராமபுரத்துக்காரர் ஒருவர் தொண்ணூற்றிரண்டு வயதில் இறந்திருந்தார். லூக்கா அவரை நான்காம் முறை வாசித்தார். ஏழு எட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஏலிக்குட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு இறுக மூடியிருந்தது. டாக்டர் சொன்னதை அப்படியே கேட்டாள். அது அவருக்கு என்னவோ செய்தது. அவர் நினைவில் அவள் யார் சொல்லியும் வாய் மூடியதில்லை.

"தொடக்கம் மறந்திருக்கும்," என்றார் லூக்கா, திரும்பாமல். "எடுத்துக் குடுக்கிறேன், அவ்வளவுதான்."

எடுத்துக் கொடுத்தார். முதல் வரி. உள்ளே தீப்பெட்டியை ஒரு முறை குலுக்கும் சத்தம். குச்சிகள் சலசலத்தன. அதுதான் பதில் வரி என்று லூக்காவுக்குப் புரிந்தது.

இரண்டாவது வரியையும் எடுத்துக் கொடுத்தார். தீப்பெட்டி. மூன்றாவது. தீப்பெட்டி. சும்மா சொல்லக்கூடாது, இருவரும் ஒரு தாளத்துக்கு வந்துவிட்டார்கள். ரகசியங்கள் முடிந்து லுத்தினியா தொடங்கியபோது, மாதாவின் ஒவ்வொரு பட்டப்பெயரையும் நிறுத்தம் நிறுத்தமாக, பாலா தொட்டு வாகமண் வரைக்கும் கூவுவதுபோல லூக்கா கூவிக்கொண்டிருந்தார். பழக்கதோஷம். நெல்லிப்பாறை முழுக்கக் கேட்டது.

பெண்ணம்மா தன் வீட்டில் பாதி வரியில் நின்றாள்.

"சாக்கோச்சா, எந்திரிங்க. யாரு குரல் அது?"

சாக்கோ காதைக் கூர்மையாக்கினார். முகம் வெளுத்தது. "லூக்கா ஜெபம் சொல்றான்," என்றார்.

"ஐயோ, என் ஏலிச்சேச்சி!"

அந்த ஓலம் கீழ்வீட்டுக்குப் போனது. கப்யார் பைலிக்கு எண்பது வயது. பார்வை மட்டு, கடமையில் குறைவில்லை. அன்று காலைதான் ஏலிக்குட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள் என்பது தெரியும். லூக்கா வாசு கடையில் சொன்னதும் தெரியும். வேறென்ன வேண்டும்? செருப்பைக்கூடப் போடாமல் கோயிலுக்கு ஓடி, கயிற்றைப் பிடித்து, துக்கத்துக்கு அடிக்கும் ஒற்றை மணியை அடித்தார். ஒன்று. நெடிய இடைவெளி. இன்னொன்று.

லூக்காவுக்கும் மணி கேட்டது. "யாரோ போயிட்டாங்க போல," என்று சொல்லிவிட்டு அடுத்த பட்டப்பெயருக்குப் போனார். தீப்பெட்டி குலுங்கியது.

ஐந்தே நிமிஷத்தில் முற்றம் நிறைந்தது. வாசு கடையின் இரண்டு பெஞ்சுகளைத் தலையில் சுமந்து வந்தான். சொன்ன சொல் மாறாதவன். கோபி தார்ப்பாயும் கயிறும் கொண்டுவந்து, எந்த மரத்தில் கட்டலாம் என்று பார்த்தார். ஜார்ஜுகுட்டி வாத்தியார் போனில் யாரிடமோ ஐஸ் பெட்டியின் நீளம் விசாரித்துக்கொண்டிருந்தார். பெண்ணம்மா வராந்தாவில் ஏறி லூக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எப்போ சேட்டா? கடைசியா ஏதாவது சொன்னாளா?"

"யாரு?"

"ஒண்ணுமே சொல்லாம போயிட்டாளா!"

"அவளை டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாரே," என்றார் லூக்கா, குழப்பத்தோடு.

இதைக் கேட்டு முற்றம் இன்னும் சத்தமாக அழுதது. அப்போது கதவருகே ஏலிக்குட்டி வந்து நின்றாள், கையில் தீப்பெட்டியோடு. எல்லாரும் யாருக்காக அழுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள்.

பெண்ணம்மா மூன்று முறை சிலுவை போட்டாள். கோபி, கட்சிக்காரர், ஐயப்பனைக் கூப்பிட்டார். வாசுதான் முதலில் சுதாரித்தான். பெஞ்சை இறக்கி வைத்து அதிலேயே உட்கார்ந்தான்.

"அப்போ சேட்டா, நீங்க சும்மாவா ஜெபம் சொன்னீங்க?"

முற்றத்தில் அழுகை நின்றது. இந்தப் பதில் எல்லாருக்கும் வேண்டியிருந்தது. நாற்பது பேர் லூக்காவைப் பார்த்தார்கள்.

"எடுத்துக் குடுத்தேன்," என்றார் லூக்கா. "எடுத்துக் குடுக்கிறது வேற, வேண்டிக்கிறது வேற. டிக்கெட் கிழிக்கிறவன் எல்லாம் பயணியா?"

"லுத்தினியா வரைக்கும் கிழிச்சிருக்கீங்களே," என்றார் ஜார்ஜுகுட்டி வாத்தியார், போனை மூடாமல்.

அதற்குள் பங்குச் சாமியார் வட்டக்குழி அச்சன் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார், கழுத்தில் பூசைத் துண்டான ஸ்டோலும் பையில் இறுதிப் பூசுதலுக்கான தைலமுமாக. ஏலிக்குட்டியைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார். இளைஞர், சட்டென்று புரிந்துகொண்டார். ஸ்டோலை மடித்துப் பையில் போட்டார். பின்னாலேயே மூச்சு வாங்க வந்த பைலி, "அச்சோ, அடிச்ச மணியை இப்போ என்ன பண்றது? ஆள் சாகலைன்னு சொல்ல மணி கிடையாதே," என்று புலம்பினார்.

"ஈஸ்டருக்கு அடிக்கிறது ஒண்ணு இருக்கு. ஆனா வேணாம், லூக்காச்சேட்டன் தப்பா எடுத்துக்குவார்," என்றார் அச்சன். பிறகு, "எது வரைக்கும் ஆச்சு?" என்று கேட்டார்.

"லுத்தினியாவுல பாதி."

"மீதியை நான் சொல்லிட்டுப் போறேன். பாதியில விடக்கூடாதில்ல."

அவர் உள்ளே போய், காலியாக இருந்த இரண்டாவது பாயில் உட்காரக் குனிந்தார். ஏலிக்குட்டி கையை நீட்டித் தடுத்தாள். மரியாதையாகத்தான், ஆனால் தடுத்தாள். ஒரு நாற்காலியைக் காட்டினாள். அச்சன் அந்தப் பாயைப் பார்த்தார். முனை தேயாத, நிறம் மங்கிய, யாரும் உட்காராத பாய். ஜன்னல் வழியாக லூக்காவையும் பார்த்தார். லூக்கா பத்திரிகையைத் தேடினார். பெண்ணம்மா அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் இன்னொரு வீட்டுக்குப் போகணும், மறந்தே போச்சு," என்று அச்சன் நிமிர்ந்தார். "எல்லாரும் கெளம்புங்க. அவங்க ஓய்வெடுக்கட்டும்."

பெஞ்சுகள் திரும்பிப் போகத் தொடங்கின. வாசு படியிறங்கும்போது லூக்கா கொள்கையைப் புதுப்பித்தார்: "எல்லாரும் கேட்டுக்கோங்க! இத்தோட முடிஞ்சுது. இனிமே ஒரு வார்த்தை என் வாயிலேர்ந்து வந்தா, வாசு, உன் கடையில எனக்குச் சாயா ஊத்தாத!"

"சரி சேட்டா," என்றான் வாசு. "காதுல விழுந்தா ஊத்த மாட்டேன்."

கடைசி டார்ச் வெளிச்சமும் வளைவில் மறைந்தது. லூக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். பத்திரிகை கசங்கி, ராமபுரத்துக்காரரின் முகத்தில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. உள்ளே ஏலிக்குட்டி தன் பாயில் திரும்பவும் உட்கார்ந்திருந்தாள். மெழுகுவர்த்தி இரண்டு விரல் அளவுக்கு மிச்சமிருந்தது. அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. அவசரமும் படவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்கு இரண்டு விரல் மெழுகு போதும் போலிருந்தது.

லூக்கா சட்டைப் பையைத் தொட்டார். தாள் அங்கேயே இருந்தது.

எழுந்தார். முற்றத்துக்குப் போய்க் கேட்டைப் பூட்டினார். பெண்ணம்மா வீட்டு ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே வந்து முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார், ஜன்னலையும் சாத்தினார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தவணையாக, இரண்டாவது பாயில் உட்கார்ந்தார். பாய் விறைப்பாக இருந்தது. தினமும் விரித்துச் சுருட்டியதில் மடிப்புகள் மட்டுமே தேய்ந்திருந்தன.

ஏலிக்குட்டி ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. தீப்பெட்டியை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள்.

விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கண்டக்டர் குரல் இல்லை. அப்படி ஒரு சின்னக் குரல் தன்னிடம் இருந்ததே அவருக்கு மறந்திருந்தது. பட்டப்பெயர், தீப்பெட்டி. பட்டப்பெயர், தீப்பெட்டி. லுத்தினியா முடிந்தது. பெயர்கள் வந்தன.

"லிஸ்ஸிக்கும் மாப்பிள்ளைக்கும், அவங்க குளிருக்கும். பெண்ணம்மா முழங்காலுக்கு. சாக்கோ தூக்கத்துக்கு. கோபி மகன் விசாவுக்கு. பைலிச்சேட்டன் கண்ணுக்கு." கொஞ்சம் யோசித்து, "காதுக்கும்," என்று தானாகச் சேர்த்தார்.

தீப்பெட்டி குலுங்கியது.

"லூக்காவுக்கு நல்ல புத்தி," என்றார், யாரோ ஒரு லூக்காவைப் பற்றிச் சொல்வதுபோல.

தீப்பெட்டி இரண்டு முறை குலுங்கியது. அவர் திரும்பி முறைத்தார். அவள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது கடைசி வரி. லூக்கா வாயைத் திறந்தார். மூடினார். தொண்டையில் ஒரு முடிச்சு. எந்த டாக்டர் விளக்கடித்தாலும் தெரியாது. மெழுகுவர்த்தி ஒரு பக்கமாக வழிந்தது. அவள் எடுத்துக் கொடுக்க முடியாது. இந்த ஒரு வரியை அவரேதான் சொல்ல வேண்டும்.

"எங்க சஜிமோன்," என்றார்.

தீப்பெட்டி குலுங்கவில்லை. ஏலிக்குட்டி அதைக் கீழே வைத்துவிட்டிருந்தாள். கன்னத்தைத் துடைக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. லூக்கா இன்னொரு முறை சொன்னார், இந்த முறை கொஞ்சம் எளிதாக, வாசலில் விளையாடுகிறவனைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல. "சஜிமோன்."

பிறகு இருவரும் சிலுவை போட்டார்கள். லூக்காவின் கை வழி மறக்கவில்லை.

ஏலிக்குட்டி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, எல்லா மாலையும் போலக் கைகூப்பினாள். உதடு மூடியே இருந்தது. அவள் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாது. லூக்காவுக்குக் கப்பை நினைவுக்கு வந்தது. வெந்திருக்கும், வாசனை வந்தது. அதைக் கேட்கவில்லை. மெல்லத் தன் இரண்டு கையையும் கூப்பினார். அவளுடைய வரியையும் அவரே சொன்னார். பிறகு தன்னுடையதையும்.

"இப்போதும் எப்போதும்," என்றார். சத்தம் கதவைத் தாண்டவில்லை.